சீட் வராத வியாழக்கிழமை

ரோஸ்விதா ப்ரிங்க்மனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். டிராக்டர் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அது தெரியும். அந்த அக்டோபர் முழுக்க அவள் பேசியது பக்கத்து மேஜைக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

தொழிற்சாலை ஜெர்மனியில் மூன்ஸ்டருக்கு வடக்கே, மாநில எல்லையை ஒட்டி இருந்தது. டிராக்டருக்கு சீட் செய்து தருகிற கம்பெனி எல்லைக்கு அந்தப் பக்கம், ஓஸ்னாப்ரூக் போகிற சாலையில். லாரிக்கு அரை மணி நேரப் பயணம். இத்தனை காலமும் சீட்டுகள் மொத்த மொத்தமாக வந்து ஒரு கொட்டகை நிறைய அடுக்கிக் கிடந்தன. துணி உறை, தோல் உறை, குளிருக்குச் சூடேறுவது, பின்பக்கம் திரும்புவது என்று எத்தனையோ வகை. தேவையான சீட் எப்போதும் அடுக்கின் அடியில்தான் இருக்கும்.

இனி அந்தக் கொட்டகையே வேண்டாம் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. ஒரு டிராக்டர் பெயின்ட் ஷாப்பை விட்டு வெளியே வந்ததும் மென்பொருள் தானாகவே சீட் கம்பெனிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். டிராக்டர் லைனில் ஊர்ந்து சீட் பொருத்தும் இடத்துக்கு வருவதற்குள், அதற்கென்று உள்ள சீட் அதன் எண் ஒட்டப்பட்டு, லைனில் வருகிற அதே வரிசையில் லாரியிலிருந்து இறங்க வேண்டும். கொட்டகையை இடித்துவிட்டு அங்கே இன்னொரு லைன் போடலாம்.

ரோஸ்விதாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்காமல் இல்லை. பொருட்களின் வரவைத் திட்டமிடுவதுதான் அவள் வேலை. வருஷக்கணக்காக அவளே கேட்டுக்கொண்டிருந்த விஷயம் இது. அதனால்தான் எரிச்சலும் அதிகம். பிடிக்காத வேலை கெட்டுப்போனால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். இது அவளுடைய வேலை.

மென்பொருளை அமைத்துக்கொடுக்க ம்யூனிக்கிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தான். பெயர் கோர்பினியன். திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவான், வியாழக்கிழமை மத்தியானம் ரயிலேறிவிடுவான். கெட்டவன் இல்லை. எதைக் கேட்டாலும் முதலில் "பண்ணிடலாம் மேடம்" என்பான். பிறகு அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு அதைப் பற்றிப் பேசவே மாட்டான். எந்த சீட், எந்தக் கம்பெனியிடமிருந்து, லைனில் எந்த இடத்துக்கு, எந்தக் கட்டத்தில் அழைப்பு போக வேண்டும் என்று ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையை ரோஸ்விதா வசந்த காலம் முழுக்கச் செய்தாள். ஏற்றி முடித்த அன்று அவன் வந்து, வேறு அமைப்பில் ஏற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்றான். மறுபடி முதலிலிருந்து ஏற்றினாள்.

ஜூன் மாதம் சோதனை ஓட்டம் தொடங்கியது. பெயின்ட் காயாத வாசனையோடு டிராக்டர்கள் வெளியே வந்தன. மென்பொருள் வாயே திறக்கவில்லை. சீட் கம்பெனிக்கு ஒரு அழைப்பும் போகவில்லை. காரணம் எளிது: கொட்டகையில் பழைய சீட்டுகள் இன்னும் இருப்பதாகக் கணக்கு சொன்னது. இருப்பு இருக்கும்போது எதற்கு அழைக்க வேண்டும் என்பது மென்பொருளின் நியாயம். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் அங்கே வெறும் சிமென்ட் தரை. கணக்கு தப்பு என்றான் கோர்பினியன். நீ அமைத்த விதம்தான் தப்பு என்றாள் ரோஸ்விதா. மூன்று வாரம் இப்படியே போனது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களை விசாரித்தாள், பழைய ரசீதுகளைக் கிளறினாள், சீட் கம்பெனியில் அனுப்புகைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இல்காவோடு மணிக்கணக்காகத் தொலைபேசியில் பேசினாள். சீட்டுகள் எங்கேயும் இல்லை.

கடைசியில் அவற்றைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள். ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தின் திருவிழாவுக்கு வேண்டிய கூடாரத்தையும் பெஞ்சுகளையும் தொழிற்சாலையின் பின்பக்க ஷெட்டில் வைத்துக்கொள்ள நிர்வாகம் இடம் கொடுத்திருந்தது. திருவிழாவுக்குப் பெஞ்சுகள் போதுமா என்று எண்ணிப் பார்க்கப் போனவள், ஒரு தார்ப்பாயைத் தூக்கினாள். உள்ளே சீட்டுகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், அழகாக அடுக்கி.

லைன் ஃபோர்மன் டீட்மார் பின்னாலேயே வந்து நின்றான். அவனும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் கல்யாணத்தில் அவள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

"என்ன இது?" என்றாள்.

"சீட்."

"அது எனக்கும் தெரியுது. இங்க எதுக்கு இருக்கு?"

"அங்க கூரை ஒழுகுது."

"டீட்மார், மூணு வாரமா நான் எதைத் தேடிட்டிருக்கேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். என்னை நீ கேக்கவே இல்லையே." பிறகு அவனுக்கும் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. "இங்க பாரு ரோஸி. லைன் நின்னா யாரு அங்க நிக்கறா? நீயா? உன் கம்ப்யூட்டரா? எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. நாலு சீட் கைவசம் இருந்தா ராத்திரி தூக்கம் வருது."

அங்கே இருந்தது நாலு சீட் இல்லை, இரண்டு நாள் லைனுக்குப் போதுமானது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்று ரோஸ்விதா கறாராகச் சொன்னாள். மறுநாளே லாரியில் ஏற்றிவிடுவதாக டீட்மார் வாக்குக் கொடுத்தான். அந்த வாக்கை நம்பி அவள் அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கினாள். இருப்பு பூஜ்யமானது. அழைப்புகள் ஒழுங்காகப் போக ஆரம்பித்தன. கோர்பினியன், கணக்குதான் தப்பு என்று முதலிலேயே சொன்னேனே என்றான்.

அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. இயேசுவின் திரு உடல் திருநாளன்று ரோஸ்விதா ஊர்வலத்தில் நடந்துகொண்டிருந்தபோது இல்கா கூப்பிட்டாள்.

"காலையிலேர்ந்து உங்ககிட்டேருந்து ஒண்ணுமே வரலையே மேடம். லாரி சும்மா நிக்குது."

"இன்னிக்கு லீவும்மா."

"எங்களுக்கு இல்லையே."

ரோஸ்விதா நடந்தபடியே யோசித்தாள். தன் மாநிலத்துக்கு லீவு, இல்காவின் மாநிலத்துக்கு வேலை நாள். இன்று ஒரு லாரி வீணாக நின்றதோடு போயிற்று. ஆனால் அக்டோபர் கடைசியில் இதுவே தலைகீழாகும். புராட்டஸ்டண்ட்டுகளின் சீர்திருத்தத் திருநாளுக்கு இல்காவின் கம்பெனிக்கு லீவு. இங்கே லைன் ஓடும். சீட் எங்கிருந்து வரும்? மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே நாள்காட்டி, தொழிற்சாலையுடையது.

மறுநாளே கோர்பினியனிடம் சொன்னாள். பண்ணிடலாம் மேடம் என்றான். பிறகு, அது ஒப்பந்தத்தில் இல்லாத மாற்றம், அதற்கு ஆலைத் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்றான். ஆலைத் தலைவர் டாக்டர் லாமெர்ஸ், திட்டம் ஒப்பந்தப்படி முடிகிறது, கூடுதல் செலவு எதுவும் இல்லை என்று தலைமை அலுவலகத்துக்கு ஏற்கனவே எழுதிவிட்டிருந்தார். வருஷத்தில் ஒரு நாளுக்காக அதை மாற்றி எழுத அவருக்கு மனமில்லை. ரோஸ்விதா ஜூலையில் கேட்டாள், ஆகஸ்டில் கேட்டாள். செப்டம்பரில் கேட்டபோது, நீங்கள் எதிலும் குறைதான் பார்க்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். போதாததற்கு, முறைப்படியான தொடக்க விழாவை சீர்திருத்தத் திருநாள் வருகிற அந்த வியாழக்கிழமையே வைத்தார். அக்டோபருக்குள் முடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அக்டோபரில் அதுதான் கடைசி நாள். மறுநாள் சகல புனிதர் திருநாள், இந்தப் பக்கம் லீவு. நிர்வாகக் குழுவிலிருந்து ஆட்கள் வருவார்கள், நீண்ட வார இறுதிக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

முதல் நாளே சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று லாமெர்ஸ் கேட்டார். எந்த டிராக்டர் எந்த வரிசையில் வரும் என்பது பெயின்ட் ஷாப்பைத் தாண்டும்போதுதானே தெரியும், அதைத் தெரிந்துகொள்வதற்குத்தானே இத்தனை பாடு என்றாள் ரோஸ்விதா. ஏதாவது வழி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கூட்டத்துக்குப் போனார்.

வியாழக்கிழமை காலை ரோஸ்விதா சீக்கிரமே வந்தாள். உள்ளூர ஒரு குரூர சந்தோஷம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இவ்வளவு மாதம் சொன்னோமே, இன்று லைன் நிற்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. காபியை எடுத்துக்கொண்டு லைன் பக்கம் போய் நின்றாள்.

லைன் நிற்கவில்லை.

சீட் பொருத்தும் இடத்தில் ஆட்கள் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சுவரில் மாட்டிய பெரிய திரையில் அழைப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின: அனுப்பப்பட்டது, பெறப்பட்டது, ஏற்கப்பட்டது. லாரி எதுவும் வரவில்லை. இறக்குமிடத்தின் கதவு இரவிலிருந்து திறக்கப்படவே இல்லை. ஆனாலும் டிராக்டர்கள் சீட்டோடு போய்க்கொண்டிருந்தன.

அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். சீட்டுகளில் எண் ஒட்டியிருக்கவில்லை. ஒன்றின் பிளாஸ்டிக் உறையில் கூடாரத் துணியின் பச்சைச் சாயம் இழுவியிருந்தது.

டீட்மார் அவள் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தான். அவன் கோவேறு கழுதை மாதிரி பிடிவாதக்காரன் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பொய் சொல்லுவான் என்று அவள் நினைத்ததில்லை. கிட்டே போய் மெல்லிய குரலில் கேட்டாள், திருப்பி அனுப்பவில்லையா என்று. லாமெர்ஸே நேற்று தன்னிடம் வந்து லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னான். எப்படி என்று அவர் கேட்கவில்லையாம். தானும் சொல்லவில்லையாம்.

பத்து மணி வாக்கில் விருந்தாளிகள் வந்தார்கள். நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு பெண்மணி, கூட இரண்டு பேர். லாமெர்ஸ் அவர்களைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, கொட்டகையில் ஒரு சீட்கூட இல்லை, எல்லாம் அந்தந்த நேரத்துக்கு வருகிறது என்று விளக்கினார். கோர்பினியன் புது டை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். பச்சை, பச்சை, பச்சை என்று திரை மாறிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்மணி தலையாட்டினாள். லாமெர்ஸ் திரும்பி, ரோஸ்விதாவைக் காட்டி, எல்லாவற்றுக்கும் காரணம் இவர்தான் என்று பெருமையாகச் சொன்னார்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். சாயங்காலம் ஷாம்பெயின் இருந்தது. நாள்காட்டி விவகாரத்தை அடுத்த வருஷம் மெதுவாகக் கிளப்பலாம். அவள் கைகுலுக்கக் கையை நீட்டினாள்கூட. அப்போதுதான் லைனில் அடுத்து வந்த டிராக்டரைப் பார்த்தாள்.

அதை அவளுக்குத் தெரியும். எம்ஸ்லாண்டைச் சேர்ந்த ஒரு விவசாயி, வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் வலது கையைப் பறிகொடுத்தவர், எல்லா நெம்புகோல்களும் பொத்தான்களும் இடது கைப்பக்கம் இருக்கும்படி சீட் கேட்டிருந்தார். அப்படி ஒரு சீட்டை மென்பொருளில் ஏற்றுவதற்கே அவளும் இல்காவும் ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். இந்த ஒரு டிராக்டருக்காகவாவது இந்த ஏற்பாடு உருப்படியாக இருக்கட்டும் என்று இல்கா சொன்னாள். இப்போது அந்த டிராக்டரில் சாதாரண சீட் உட்கார்ந்திருந்தது. கைப்பிடியும் நெம்புகோல்களும் வலது பக்கம். அடுத்த இடத்தில் மின்கம்பிகளை இணைத்து மேல் கூண்டை மூடிவிடுவார்கள். பிறகு பிரிப்பது என்றால் பாதி நாள் போகும். யாராவது கவனித்தால்தானே பிரிப்பார்கள்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, தலைக்கு மேலே தொங்கிய மஞ்சள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

லைன் நின்றது. அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் கேட்டதில்லை. எங்கேயோ ஒரு ஸ்பானர் கீழே விழுந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் லாமெர்ஸ். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"இந்த வண்டி வாங்கினவருக்கு வலது கை கிடையாது சார்," என்றாள் ரோஸ்விதா. "அவர் சீட் இது இல்ல. அவர் சீட் வரவே இல்ல. இன்னிக்கு எதுவுமே வரல."

நிர்வாகக் குழுப் பெண்மணி திரையைப் பார்த்தாள். "எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

"அது அவங்க கம்ப்யூட்டர் அனுப்புற பதில் மேடம். ஆளுங்களுக்கு இன்னிக்கு லீவு. கம்ப்யூட்டருக்கு லீவு கிடையாது."

"அப்போ காலையிலேர்ந்து லைன் எப்படி ஓடிச்சு?"

கோர்பினியன் தன் டையைப் பார்த்தான். லாமெர்ஸ் டீட்மாரைப் பார்த்தார். டீட்மார் ரோஸ்விதாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபத்தைவிட, இப்படிச் செய்துவிட்டாயே என்ற திகைப்புதான் இருந்தது. ரோஸ்விதா அவன் பெயரைச் சொல்லவில்லை. பின்பக்கம் கொஞ்சம் பழைய இருப்பு இருந்தது, அதைக் கணக்கிலிருந்து நீக்கியது நான்தான் என்று மட்டும் சொன்னாள். ஆனால் எண் ஒட்டாத சீட்டுகள் வரிசையாக நின்றன. பார்க்கிறவர்களுக்குப் புரியாமல் போகாது.

அந்தப் பெண்மணி கத்தவில்லை. எந்தெந்த டிராக்டரில் தப்பான சீட் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் லைன் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டு, லாமெர்ஸை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். கீழே ரோஸ்விதாவும் லைன் ஆட்களும் காலையிலிருந்து போன ஒவ்வொரு டிராக்டரிலும் ஏறி ஏறிப் பார்த்தார்கள். சூடேறும் சீட் கேட்டவருக்குச் சாதாரணம், துணி கேட்டவருக்குத் தோல் என்று கலந்துகட்டிப் போயிருந்தது. கழற்றவே மத்தியானம் முழுக்கப் பிடித்தது. கோர்பினியனின் ரயில் போய்விட்டது. அவனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போல்ட் கழற்றினான்.

மாலையில் லாமெர்ஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஒரே நாளில் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்," என்றார்.

"ஜூன்லேர்ந்து தனியாத்தான் சார் சொல்லிட்டிருக்கேன்."

அவர் பேனாவை எடுத்தார். மாற்றத்துக்கான அனுமதியில் கையெழுத்துப் போட்டு, மேஜையின் மேல் அவள் பக்கமாகத் தள்ளினார்.

கோர்பினியன் அடுத்த வாரம் வந்து அவள் மேஜையிலேயே உட்கார்ந்து அதைச் செய்தான். இல்காவின் கம்பெனிக்கென்று தனி நாள்காட்டியை இணைத்தான். அவர்களுக்கு லீவு, இங்கே வேலை என்ற நாட்களில் டிராக்டர் வரிசையை முதல் நாளே நிறுத்தி வைத்து, அழைப்பும் முதல் நாளே போகும்படி மாற்றினான். ரோஸ்விதாவின் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான் மேடம்."

அவள் எழுந்து கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தைகளாகத் திட்டினாள். திரும்பி வந்து அவனுக்கு நன்றி சொன்னாள்.

ஜனவரியில் அந்த ஏற்பாட்டை மறுபடி தொடங்கினார்கள், விழா எதுவும் இல்லாமல். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரி அந்தந்த நேரத்துக்கு வந்தது, சீட்டுகள் வரிசையில் இறங்கின. கம்பெனிப் பத்திரிகையில் வந்த கட்டுரையில் லாமெர்ஸ் படமும் கோர்பினியன் படமும் இருந்தன. எம்ஸ்லாண்ட் விவசாயிக்கு வண்டி தாமதமாகப் போனது. அவர் போன் பண்ணி, தாமதத்துக்காக போனை எடுத்த கிளார்க் ஒருவரை வாங்கு வாங்கென்று வாங்கினாராம். காரணத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

டீட்மார் அவளோடு பேசவில்லை. ஷெட்டில் இருந்ததை எல்லோர் கண் முன்னாலும் லாரியில் ஏற்றியது அவனுக்குப் பெரிய அவமானம். தொழிற்சாலை ஆட்கள் குடும்பத்தோடு கூடும் குளிர்காலத்துக் கீரை விருந்தில் அவன் மனைவிதான் வந்து ரோஸ்விதாவைக் கட்டிக்கொண்டாள். அவன் வேறு மேஜையில் போய் உட்கார்ந்தான். வேலை விஷயமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் யாரையாவது அனுப்பினான். ஒரு தடவை அவள் அவனிடம் நேராகவே போய், எவ்வளவு நாள் இப்படி என்று கேட்டாள். அவன் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு லைனைப் பார்த்தான். அவளுக்கு வருத்தத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. பொய் சொன்னது அவன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அவன்.

மார்ச் மாதம் ஒரு காலை, அவள் அலுவலகக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு டீட்மார் உள்ளே வந்தான். இரண்டு கையாலும் ஒரு சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். மூச்சு வாங்கியது. அதை அவள் மேஜைக்கு முன்னால் பொத்தென்று போட்டான்.

"எண் சரியா இருக்கு. தைச்சது கோணலா இருக்கு. இதை யாருகிட்ட சொல்லணும்?"

லைனுக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு திரை வைத்திருந்தது. பொத்தானை அழுத்தினால் போதும், மாற்று சீட் அடுத்த லாரியில் வந்துவிடும். டிசம்பரில் இரண்டு தடவை எல்லோரையும் உட்காரவைத்து அதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அப்போது டீட்மார் பின்வரிசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் திரையிலேயே சொல்லலாமே," என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இதை மாடி வரைக்கும் தூக்கிட்டு வந்தே?"

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். நாற்காலி காலியாக இல்லை, அதன் மேல் கோப்புகள் கிடந்தன. கொண்டுவந்த சீட்டிலேயே உட்கார்ந்தான். கோணல் தையல் அவன் தொடைக்கடியில் மறைந்தது.

"காபி இருக்கா?" என்றான்.

அவள் எழுந்து இன்னொரு கோப்பையைத் தேடினாள்.